உயிருள்ள பவளத்தைப் பார்சல் கட்டுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பவளத்தைப் பெரிய கொத்தாக வாங்குவது குறைவு. கைமாறுவதெல்லாம் பெரும்பாலும் 'ஃப்ராக்' என்கிற சின்னத் துண்டுதான். தாய்ப் பவளத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, வட்டத் தலையுள்ள பீங்கான் ப்ளக் ஒன்றில் பசை வைத்து ஒட்டினால் அது தனியாக வளரத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் இப்படி வீட்டில் வளர்த்த துண்டு ஒன்று ஃபுளோரிடாவில் சாயங்காலம் கூரியரில் ஏறி, மறுநாள் காலை மின்னசோட்டாவில் ஒருவர் வாசலில் இறங்குகிறது. பெட்டி மூடியதிலிருந்து திறக்கும்வரை 16 முதல் 24 மணி நேரம். அவ்வளவு நேரம் பவளம் தாங்கும். சரியாகக் கட்டினால் 36 மணி நேரம்கூடத் தாங்கும்.

இந்தக் கட்டுரை அந்த அமெரிக்க ஓவர்நைட் பார்சலை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் கல்பவளங்கள் அத்தனையும், கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாமும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலே வழக்கு வரும். ஆகவே இங்கே இருந்துகொண்டு செய்து பார்க்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாட்டு எல்லையைத் தாண்டுவதாக இருந்தால், வீட்டுத் தொட்டியில் வளர்த்த இரண்டு சென்டிமீட்டர் கல்பவளத்துக்கும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். கீழே சொல்வது எல்லாம் ஒரே நாட்டுக்குள், சட்டப்படி வளர்த்த துண்டுகளை அனுப்புவது பற்றி.

ஆக்சிஜன் அல்ல பிரச்சினை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கியவர்களுக்கு அந்தப் பை பழக்கமானது: மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்குச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன், மேலே முறுக்கி ரப்பர் பேண்ட். அதைப் பார்த்துப் பழகியவர்கள் பவளத்துக்கும் ஆக்சிஜன் அடிக்க வேண்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓர் இரவுக்குத் தேவையில்லை. பவளம் நீந்துவதில்லை, பதறுவதில்லை; அதன் மூச்சுத் தேவை மீனைவிட ரொம்பக் குறைவு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது அது ஆக்சிஜனை உண்டாக்கிப் பவளத்துக்கும் கொடுக்கும். பெட்டியை மூடியதும் இருட்டு. அதன் பிறகு பவளம், பாசி, சளியில் வளரும் பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுக்கிற பக்கம்தான்.

அதனால் பையை வாய்வரை தண்ணீரால் நிரப்பினால் நல்லது என்று நினைப்பதுதான் தப்பு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். 200 மில்லி தண்ணீர் என்றால் ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. அதே பையில் தண்ணீருக்கு மேல் 300 மில்லி சாதாரணக் காற்று இருந்தால் அதில் சுமார் 80 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. லாரி குலுங்கக் குலுங்க அது தண்ணீரில் கரைந்துகொண்டே வரும். பவளம் முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், அதற்கு மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காற்று. இது போதும்.

பெட்டியைத் திறக்கும்போது பவளம் செத்திருந்தால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. தண்ணீர் குளிர்ந்தோ சூடாகியோ போயிருக்கும்; தண்ணீர் அழுகியிருக்கும்; அல்லது பவளம் பையிலும் தன் எலும்பிலுமே மோதிச் சதை கிழிந்திருக்கும். கிழிந்த சதை அழுகும், அழுகல் தண்ணீரைக் கெடுக்கும். அதனால் பின்னிரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

வேலை ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது

காலையில் வெட்டி மாலையில் அனுப்புகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. வெட்டுப்பட்ட இடத்தில் பவளம் சளி விடும், சதைத் துணுக்குகள் உதிரும். தொட்டியில் இருந்தால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். 200 மில்லி பையில் அது போக இடமில்லை. குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் காயம் ஆறவிடுங்கள். வெட்டின வெள்ளை விளிம்பின் மேல் சதை வழிந்து மூடியிருக்க வேண்டும். அக்ரோபோரா, மான்டிபோரா வகைகளில் அடிப்பகுதி பரவிப் ப்ளக்கைப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். அந்தப் பிடிப்பு இல்லாமல் பசையை மட்டும் நம்பி அனுப்பினால் துண்டு வழியிலேயே கழன்று, ப்ளக் எனும் பீங்கான் கட்டி அதன் மேலேயே உருண்டுகொண்டிருக்கும்.

கடைசி ஒன்று அல்லது இரண்டு நாள் உணவு போட வேண்டாம். பெரிய பாலிப் (பவளத்தின் வாயுள்ள சதைப் பகுதி) உள்ள பவளங்கள் இறாலோ துகள் தீனியோ தின்றுவிட்டுப் பைக்குள் போனால், பாதி செரித்ததைக் கக்கிவிடும்.

ப்ளக்கின் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். நத்தை, சின்ன நண்டு, புழு எதுவாவது ஒளிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். இது இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. பையில் பட்டாணி அளவு நத்தை ஒன்று செத்தால் அந்தப் பையில் உள்ள பவளமும் போச்சு. அப்படியே ஐப்டேசியா எனும் களை அனிமோனி, தட்டைப்புழு முட்டை இவையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். ப்ளக்கில் பாசி படர்ந்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் சதையில் படாமல் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இருட்டில் அதுவும் அழுகத்தான் போகிறது.

தண்ணீரும் பையும்

தொட்டித் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றுவது எளிது, ஆனால் அதில் பாக்டீரியாவும் கரைந்த கழிவும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்து, ஒரு நாள் காற்றடித்து, தொட்டியின் உப்பு அடர்த்திக்கும் வெப்பத்துக்கும் சமமாக்கி வைத்த புதுத் தண்ணீர்தான் உத்தமம். அடர்த்தி 1.025 அல்லது 1.026, வெப்பம் 25 டிகிரி. துண்டு வெட்டிய பாத்திரத்துத் தண்ணீர், பூச்சி போக மருந்துக் குளியல் கொடுத்த தண்ணீர் இரண்டையும் கொட்டிவிடுங்கள்.

பை பாலித்தீன், 75 முதல் 100 மைக்ரான் தடிமன். காய்கறிக் கடைப் பை ஆகாது. ஒரு ஃப்ராக்குக்கு 10 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள நீளப்பை வசதி. கழுத்தை முறுக்க இடம் கிடைக்கும். ஒரு பைக்கு ஒரு பவளம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்: ஒன்று செத்தால் கூட இருப்பதும் சாகும், டார்ச் மாதிரிக் கொட்டும் வகைகள் பக்கத்தில் இருப்பதை உயிரோடு இருக்கும்போதே சுட்டுவிடும்.

கட்டும் முறை இது. முதலில் பையில் 150 முதல் 200 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். பவளத்தை ப்ளக்கின் காம்பைப் பிடித்துத் தூக்கி, சதையில் விரல் படாமல் உள்ளே இறக்குங்கள். பையின் வாயை அகல விரித்துக் காற்றைப் பிடித்து, கழுத்தை ஒரே பக்கமாக ஏழெட்டு முறை முறுக்குங்கள். முறுக்கிய பகுதியை இரண்டாக மடித்து, அடியிலிருந்து மேலாக ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். காற்றைப் பிடிக்கும்போது பை பலூன் போல விறைக்க வேண்டாம். விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். அப்போது பைக்குள் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு உப்பும். ஏற்கெனவே விறைத்திருக்கும் பையின் ஒட்டு பிரிவது அங்கேதான்.

பிறகு அந்தப் பையைத் தலைகீழாக்கி இரண்டாவது பைக்குள் போடுங்கள். உள்பையின் முடிச்சு வெளிப்பையின் அடியில் இருக்கும். ஒரு முடிச்சு கசிந்தாலும் இன்னொன்று எதிர்ப்பக்கம் தாங்கும். இதில் இன்னொரு லாபம், பையின் கூர்மூலைகள் மழுங்கிப் போவது. மூலை மடிப்புக்குள் ஃப்ராக் சிக்கிக்கொண்டால் அங்கே தண்ணீர் நகராது, அந்தப் பக்கச் சதை மட்டும் மூச்சு முட்டிச் செத்துவிடும். கூர்மையான எலும்பு உள்ளவற்றுக்கு மூன்றாவது பையும் போடலாம். கட்டி முடித்த பைகளைக் காய்ந்த செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் தலைகீழாக வைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் தாளில் ஈரவட்டம் தெரியும். பெட்டிக்குள் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

பைக்குப் பதில், மூடி திருகும் 120 மில்லி பிளாஸ்டிக் குப்பிகளும் புழக்கத்தில் உள்ளன. ஸோயாந்திட் (பொத்தான் போன்ற பாலிப்புகள் கூட்டமாக வளரும் வகை) போன்ற சின்னத் துண்டுகளுக்கு அவை நல்லது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குப்பியையே ஒரு பையில் போட்டுவிட வேண்டும்.

எல்லாப் பவளமும் ஒன்றல்ல

கிளைக் கல்பவளங்களுக்கு, முக்கியமாக அக்ரோபோராவுக்கு, மிதவை முறை நல்லது. 5 சென்டிமீட்டர் சதுரம், 2 சென்டிமீட்டர் கனத்தில் தெர்மாகோல் துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் துளைபோட்டு, ப்ளக்கின் காம்பை அதில் இறுகச் சொருகுங்கள். ரப்பர் பேண்டும் போட்டுக்கொள்ளலாம். தண்ணீரில் விட்டால் தெர்மாகோல் மேலே மிதக்கும், பவளம் தலைகீழாகத் தொங்கும், நுனி எதிலும் மோதாது. அந்தத் துண்டு 50 கிராம் எடைவரை தாங்கும்; ப்ளக்கோடு சேர்ந்த ஃப்ராக் அதைவிட இலேசுதான். ஆனால் தண்ணீரின் ஆழம் பவளத்தின் நீளத்தைவிட இரண்டு விரற்கடையாவது கூட இருக்க வேண்டும், பையும் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்துவிட்ட பையில் மிதவை இருந்தும் பயனில்லை.

டார்ச், ஹேமர் முதலிய யூஃபில்லியா வகைகள் வேறு விதம். அவற்றின் சதை பூரித்து விரிந்திருக்கும், அடியில் இருக்கும் எலும்பு விளிம்போ பிளேடு மாதிரி. விரிந்த நிலையில் வெளியே எடுத்தால் தண்ணீர்ப் பாரத்திலேயே சதை தொங்கி எலும்பில் கிழியும். தொட்டிக்குள்ளேயே கையால் மெதுவாகத் தண்ணீரை அலைய விட்டு, பாலிப்புகள் முழுக்க உள்ளே சுருங்கிய பிறகு எடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இதில் அவசரப்பட்டால் இரண்டு நாள் கழித்து, வாங்கியவர் தொட்டியில் பழுப்புக் கூழாகச் சதை கரையும். 'பிரவுன் ஜெல்லி' என்று பெயர். ஒரு தலையில் தொடங்கினால் பக்கத்துத் தலைகளுக்கும் தாவும்.

மென்பவளங்கள் பொதுவாக எளிதில் சாகாதவை. ஆனாலும் லெதர் வகைகளும் மஷ்ரூம்களும் நிறையச் சளி விடும், அவற்றுக்குத் தண்ணீரை இரட்டிப்பாக்குங்கள். தொட்டியில் களை மாதிரிப் பெருகும் ஸீனியா பையில் மட்டும் சீக்கிரம் கரைந்துவிடும்; புதிதாக அனுப்புகிறவர் அதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

ஸோயாந்திட், அதிலும் பாலிதோவா வகையைக் கட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டே ஆக வேண்டும். இவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். பாலிப்பை அழுத்தினால் பீய்ச்சும் தண்ணீர் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கையில் வெட்டுக்காயம் இருக்கும் அன்று இந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள். ப்ளக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைப்பது எந்தக் காலத்திலும் கூடாது. ஆவியில் கலந்த நஞ்சை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

பெட்டி: கணக்குப் போட்டால் புரியும்

வெளியே அட்டைப்பெட்டி, அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் பெரிய பாலித்தீன் உறை ஒன்று. பை உடைந்தாலும் தண்ணீர் வெளியே வராமல் இருக்கத்தான் அந்த உறை. பார்சல் நனைந்திருந்தால் கூரியர்க்காரர்கள் அதை அப்படியே ஓரம்கட்டிவிடுவார்கள்.

பவளம் வசதியாக இருக்கும் வெப்பம் 24 முதல் 27 டிகிரி. 21இலிருந்து 28வரை போனால் சமாளிக்கும். 18க்குக் கீழேயும் 31க்கு மேலேயும் மணிக்கணக்கில் கிடந்தால் சேதம் நிச்சயம். சூட்டைவிடக் குளிரைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும், ஏனென்றால் தண்ணீர் குளிர்ந்தால் மூச்சும் அழுகலும் மெதுவாகின்றன.

இப்போது ஒரு கணக்கு. எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி, தெர்மாகோல் சுவர் 2.5 சென்டிமீட்டர். உள்ளே 25 டிகிரி, வெளியே 5 டிகிரி. சுவர் வழியாக வெளியேறும் வெப்பம் சுமார் 15 வாட். உள்ளே மொத்தமே ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஆறு லிட்டர் இருந்தால் அதே ஒரு மணி நேரத்தில் இறங்குவது 2 டிகிரிதான். அட்டையும் செய்தித்தாளும் இந்த வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும், ஆனால் ஒன்றுக்கு ஆறு என்ற விகிதம் மாறாது. ஆகவே இரண்டே ஃப்ராக் அனுப்பும்போது, பெட்டியில் மீதி இடத்தில் 25 டிகிரித் தண்ணீர் நிரப்பிய வெறும் பைகளை அடுக்குங்கள். எடை கூடும், கூரியர் கட்டணமும் கூடும். ஆனால் அதைவிட மலிவான காப்பீடு கிடையாது. சுவரை 2.5க்குப் பதில் 4 சென்டிமீட்டராக எடுத்தால் வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

ஹீட் பேக்கைப் பற்றிப் புதியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. அதற்குள் இருப்பது இரும்புத்தூள். காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போது வெப்பம் தருகிறது. 40 மணி நேர பேக் ஒன்றில் 60 கிராம் இரும்பு என்று வைத்துக்கொண்டால் அது சராசரியாகத் தருவது 3 வாட். மேலே சொன்ன பெட்டி இழப்பது 15 வாட். அதாவது அந்தப் பேக்கால் மெல்லிய பெட்டியை வெளியே இருப்பதைவிட 4 டிகிரி, தடித்த பெட்டியை 6 டிகிரி கூடுதலாக வைத்திருக்க முடியும், அவ்வளவுதான். வெளியே 15 டிகிரி என்றால் அது பெரிய உதவி. வெளியே பூஜ்யம் என்றால் சாவைச் சில மணி நேரம் தள்ளிப் போடும். வெளியே 26 டிகிரியாக இருந்து நீங்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு ஹீட் பேக்கைப் போட்டால், 32 டிகிரியில் பவளத்தை நீங்களே வேகவைக்கிறீர்கள். போகிற வழியில் வெளிவெப்பம் 22ஐத் தாண்டும் என்றால் ஹீட் பேக் வேண்டாம்.

60 கிராம் இரும்பு முழுதும் துருப்பிடிக்கக் கிட்டத்தட்ட 90 லிட்டர் காற்று வேண்டும். நம் பெட்டியின் மொத்தக் கொள்ளளவே 27 லிட்டர். பெட்டியைக் காற்றுப் புகாமல் டேப்பால் சுற்றிவிட்டால் பேக் பாதி வழியில் அணைந்துவிடும். பெட்டியைத் திறந்து, "ஹீட் பேக் ஜில்லென்று இருந்தது, போலி மால்" என்று சண்டை பிடிப்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான். மூடிக்குக் கொஞ்சம் கீழே பென்சில் பருமனில் இரண்டு துளை, அட்டையிலும் தெர்மாகோலிலும் ஒன்றாக வரும்படி போடுங்கள். பேக்கை உறையிலிருந்து பிரித்துக் குலுக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, சூடு ஏறியதைத் தொட்டுப் பார்த்த பிறகு செய்தித்தாளில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். காற்றுத்துளை உள்ள பக்கத்தில் டேப் படக்கூடாது. பைமேல் நேராகவும் படக்கூடாது.

கோடையில் ஐஸ் ஜெல் பேக் இதே மாதிரி: நாலைந்து சுற்று செய்தித்தாள், மூடியில் இடம். பூஜ்யம் டிகிரியில் உறைந்த ஜெல் ஒரு பையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் வெளியே 38 டிகிரி இருந்தாலும் அந்த ஒரு பை மட்டும் குளிரில் சாகும். 22 டிகிரியிலேயே உறைந்து உருகும் தனிவகைப் பேக்குகளும் விற்கின்றன. விலை அதிகம், ஆனால் தப்பாக வைத்தாலும் பவளத்தைக் கொல்லாத ஒரே பேக் அதுதான்.

பைகளைச் செய்தித்தாளில் சுற்றி நிமிர்ந்து நிற்கும்படி நெருக்கி அடுக்குங்கள். இடைவெளியில் கசக்கிய தாள். பெட்டியை இலேசாக ஆட்டினால் எதுவும் நகரக் கூடாது.

நாளும் வழியும்

திங்கள், செவ்வாய், புதன். இந்த மூன்று நாளில்தான் அனுப்ப வேண்டும். வியாழனன்று அனுப்பி ஒரு நாள் தாமதமானால் வெள்ளி சாயங்காலம் கிடங்கில் மாட்டிக்கொண்டு திங்கள்வரை கிடக்கும். அரசு விடுமுறை வாரத்தில் அனுப்பவே வேண்டாம்.

வானிலையை இரண்டு ஊருக்கு அல்ல, மூன்று ஊருக்குப் பாருங்கள். அனுப்பும் ஊர், சேரும் ஊர், நடுவில் பெட்டி விமானம் மாறும் கூரியர் மையம். அமெரிக்காவில் ஃபெடெக்ஸின் பெரிய மையம் மெம்ஃபிஸ், யுபிஎஸ்ஸுக்கு லூயிவில். மயாமியும் ஹூஸ்டனும் இதமாக இருக்கலாம். நடுராத்திரி மெம்ஃபிஸில் பனிமழை என்றால் உங்கள் பெட்டி அங்கே ஓடுபாதை ஓரம் நிற்கிறது. கூரியர் நிறுவனங்களுக்கு உயிருள்ளவற்றை ஏற்பதற்கு எனத் தனி விதிகள் உண்டு. எதை ஏற்பார்கள், யாரிடமிருந்து ஏற்பார்கள் என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள், உள்ளே இருப்பதை மறைத்து எழுதினால் இழப்பீடும் கிடையாது.

காலை முதல் டெலிவரிக்குப் பணம் கட்டுவதைவிட, வாங்குபவர் ஊரில் உள்ள கூரியர் கிளையில் வைத்திருக்கச் சொல்லி, அவரே போய் எடுத்துக்கொள்வது மேல். ஏசி போட்ட கிளையில் பெட்டி காத்திருக்கும். மாறாக, டெலிவரி வேனின் பின்பகுதியில் ஜூலை மாத அரிசோனா வெயிலில் ஐந்து மணி நேரம் சுற்றினால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். அனுப்புகிற பக்கமும் இதே கணக்குதான்: மாலையில் கிளை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன் கொண்டுபோய்க் கொடுங்கள், பகலெல்லாம் பெட்டி காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

வந்து சேர்ந்த பிறகு

வாங்கியவருக்கு இதை எழுதியே அனுப்பிவிடுங்கள். பெட்டியை மங்கிய வெளிச்சத்தில் திறக்க வேண்டும். பைகளைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்த வேண்டும். பிறகு கத்தரித்துத் திறந்து உப்பு அடர்த்தியைப் பார்த்து, தொட்டிக்கும் பைக்கும் 0.001க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மணிக்கணக்கில் சொட்டு நீர் விட்டுப் பழக்குவது இங்கே கேடு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். பிஹெச் இறங்கியிருக்கும்வரை அம்மோனியாவின் பெரும்பகுதி அதிகம் தீங்கில்லாத அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா தன் வேலையைக் காட்டத் தொடங்கும். திறந்த பையில் அதிக நேரம் வைத்திருக்காமல் வெளியே எடுப்பதுதான் முறை. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பூச்சிக்கான மருந்துக் குளியலைப் புட்டியில் சொன்ன அளவு, சொன்ன நேரம் மட்டும் கொடுத்து, சுத்தமான கடல்நீரில் அலசிய பிறகே தொட்டிக்குள் விடலாம்.

நிறம் வெளிறி வந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் மேல் கண்ணாடி போலச் சதை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாசி மட்டும் வெளியேறியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் சில வாரங்களில் தேறலாம். சதையே நூல் நூலாகப் பிய்ந்து, தண்ணீர் பால் நிறமாகி, பெட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் முடிந்தது. அந்தப் பையை அவிழ்க்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து, பெட்டி வந்து இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பியவருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். எந்த விற்பனையாளரும் பணத்தைத் திருப்பித் தருவதற்குக் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

உயிரோடு வந்தவற்றைத் தொட்டியின் அடித்தளத்தில், வெளிச்சம் குறைந்த, மிதமான நீரோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் பாலிப் விரியாமல் சுருங்கியே இருப்பது சகஜம். அதற்காக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதமாகும். உணவு மூன்றாம் நாளிலிருந்து போதும். விரியத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு படி மேலே ஏற்றி, இரண்டு மூன்று வாரத்தில் அதற்கு உரிய இடத்தில் ஒட்டிவிடலாம்.